பழுதே இல்லாத சர்வருக்குக் கிடைத்த கோப்பை

அவைக்குத் தலைமை ஏற்று, ஒற்றைக் கையெழுத்தால் இந்த மருத்துவமனையையே கட்டி ஆளும் இயக்குநர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! நின்ற கால் வலித்தாலும் நெற்றியைச் சுருக்காத செவிலியத் தாய்மார்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்தும் பின்வரிசையில் மெல்லக் கண்ணயர்ந்தும் வீற்றிருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவரையும் இந்த சர்வர் அறைக்காரன் வணங்குகிறேன்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? கேட்கும்படியே பேசுகிறேன். இன்று கேட்டே ஆக வேண்டிய பேச்சு இது.

ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடப் பழுதாகாத சர்வரை, நம் கணினிகளுக்கெல்லாம் தலைமைக் கணினியைப் பேணிக் காத்தேன் என்று எனக்கு இந்த வெள்ளிக் கோப்பையைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆதாரம்? பதிவேடு! பக்கம் பக்கமாகப் புரட்டினால் ‘சரி’, ‘சரி’, ‘சரி’. எழுதிய கை யாருடையது? என் கை. சரிபார்த்த கண் யாருடையது? என் கண். எனக்கு நானே வைத்த தேர்வில் நானே முதலிடம் பெற்றிருக்கிறேன், தட்டுங்கள் கையை! அடடா, உண்மையாகவே தட்டுகிறீர்களே. போதும், போதும்.

கோப்பையோடு ஒரு புகைப்படமும் எடுப்பார்கள் என்று சொன்னார்கள். சர்வர் பளிச்சென்று இருக்கட்டுமே என்று போன வாரம் துடைக்கப் போனேன். பின்பக்கம் இரண்டு நெட்வொர்க் கேபிள்கள். ஒன்று உள்ளே ஆய்வகத்துக்கும் வார்டுகளுக்கும் போவது. இன்னொன்று வெளியே இணையத்துக்குப் போவது. அவற்றைச் சொருகும் துளைகளுக்கு மேல் அடையாளத்துக்குக் கட்டுப் போடும் பிளாஸ்டரை ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று ஒன்றை உரித்தேன். ‘உள்ளே’ என்றிருந்தது. அதற்கடியில் இன்னொரு பிளாஸ்டர், ‘வெளியே’. அதற்கும் அடியில் ‘உள்ளே’. ஏழு அடுக்கு, ஐயா! அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிக்குக்கூட நாம் அவ்வளவு ஒட்டியதில்லை.

நம் எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, இது யாரு ஒட்டினது?”

“நாந்தான் சார். கரண்ட் போய் வந்தா சில நேரம் லைன் வராது. ரெண்டு வயரையும் மாத்திச் சொருகுவேன், வந்துரும். பேரையும் மாத்தி ஒட்டிருவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க ரெண்டு மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க, அதுலயும் வந்துரும். நான் என்னிக்காவது ஏன்னு கேட்டேனா?”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், அரை நிமிடம்.

கோளாறு இதுதான். அந்த இயந்திரத்துக்குள் இரண்டு நெட்வொர்க் கார்டுகள், கேபிளுக்கு ஒன்று. மின்சாரம் வந்ததும் எது முதலில் விழிக்கிறதோ அதற்கு ‘பூஜ்யம்’ என்று பெயர். அடுத்து விழிப்பதற்கு ‘ஒன்று’. ஆய்வகத்தின் முகவரியை நான் எதற்குக் கொடுத்தேன்? கார்டுக்கா? இல்லை, பூஜ்யம் என்ற பெயருக்கு! ஒருநாள் இது முந்தும், ஒருநாள் அது முந்தும். முந்தியவனுக்குப் பெயர், பெயருக்கு முகவரி, முகவரிக்கு அடியில் யார் இருக்கிறார் என்று பார்க்க ஆளில்லை. என்ன, நம் அலுவலகம் மாதிரியே இருக்கிறதா? நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

ஒவ்வொரு கார்டிலும் தொழிற்சாலையிலேயே பொறித்த எண் ஒன்று உண்டு. அந்த எண்ணோடு பெயரைக் கட்டிவிட்டால் எது முந்தினாலும் பெயர் மாறாது. நான்கு வரி வேலை. போன வாரம் செய்தேன். பத்து முறை அணைத்து அணைத்து ஏற்றினேன், பத்து முறையும் பெயர் அசையவில்லை. ஆனால் மூன்று மாதம் பிந்திச் செய்தேன், அவையோரே!

மூன்று மாதத்துக்கு முன் ஒரு முற்பகல். மின்தடைக்காக வைத்திருக்கும் பேட்டரியை மாற்றும்போது சர்வர் அணைந்து, மீண்டும் எழுந்தது. அப்போது பிரசவ அறுவை அரங்கில் ஒரு தாய்க்கு ரத்தம் தேவை. எந்த ரத்தம் பொருந்தும் என்ற முடிவை நம் ஆய்வகத்து அக்கா கணினியில் அனுப்பினார். ‘அனுப்பியாயிற்று’ என்றது அவர் திரை. ஆய்வகத்தின் முகவரியோ அன்று வெளியே போகும் கார்டில் போய் உட்கார்ந்திருந்தது; வாங்க வேண்டிய சர்வர் அந்த வாசலில் இல்லை. சந்தேகப்பட்டு அரங்குக்குப் போன் செய்தார். வரவில்லை என்றார்கள். தாளில் எழுதிக்கொண்டு மூன்று மாடி ஓடி இறங்கினார். தாயும் பிழைத்தார், சேயும் பிழைத்தது. யாரால்? அந்த அக்காவின் கால்களால்!

அவருக்கு நாம் கொடுத்த பரிசு என்ன? தாமதம் செய்தார் என்று பணியிடை நீக்கம்! “நான் அனுப்பிட்டேன் சார்” என்று அழுதார். சர்வரில் கோளாறு உண்டா என்று என்னைக் கேட்டார்கள். அதற்குள் நான் இரண்டு முறை அணைத்து ஏற்றிவிட்டேன். அது நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு குரல்: “அப்போ ஏன்யா எழுதிக் குடுத்தே?” யார் அது? ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அண்ணன். அந்த அக்காவின் கணவர். கேளுங்கள் அண்ணா, கேட்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் உண்டு. பயந்தேன், அதனால் எழுதினேன். ஏன் என்று தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். இன்று அதைவிடப் பெரிய வெட்கத்தோடு நிற்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவருடைய இறுதி விசாரணை. அவருக்கு எதிராக இருக்கும் ஒரே தாள் நான் எழுதியது. இதோ, அதைத் திரும்பப் பெறும் கடிதம். இதோ, அன்று பதினொன்று ஏழுக்கு இரண்டு கார்டுகளும் பெயர் மாறிக் கிடந்ததாக அந்த இயந்திரமே எழுதி வைத்த பதிவு.

இயக்குநர் அவர்களே, அலுவலகத்துக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று சைகை காட்டுகிறீர்கள். மன்னிக்க வேண்டும். அனுப்பியது எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இங்கேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். பேனா வேண்டுமா? இதோ. மைக்கை யாரும் அணைக்காதீர்கள்!

அவர் படித்து முடிக்கும்வரை நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொறுமை காத்த பெரியோர்களுக்கு நன்றி. பிளாஸ்டரை ஒட்டியதை மறைக்காத அண்ணனுக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி. எழுந்து நிற்கும் ஆய்வகத் தோழர்களுக்கு நன்றி. ஓ, செவிலியத் தாய்மார்களும் எழுந்துவிட்டார்களா? நின்றபடியே இருங்கள் தாய்மார்களே, உங்களுக்கும் நன்றி. விளக்குப் போட்டவருக்கு நன்றி, மின்விசிறிக்கு நன்றி...

கையெழுத்து விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அண்ணா, வீட்டில் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். வணக்கம்.