வெளிவராத கழுதை

மன்னாரில் வளர்ந்தவனுக்குக் கழுதை வரையத் தனியாகப் படிக்கத் தேவையில்லை, ஐயா. பஸ் நிலையத்திலும் கழுதை, பாலத்தடியிலும் கழுதை, கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டு வேலியைக் கடித்துக்கொண்டும் கழுதை. அது தலையைத் தூக்கினால் காது எந்தப் பக்கம் திரும்பும், பின்னங்கால் மடங்கினால் முதுகு எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டது இதையல்ல. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் விளையாட்டுச் சாமான் வடிவமைப்பவன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கொம்பியூட்டரில் வேலை செய்கிறேன். அவர்களிடம் றோபோப் பொம்மை வரிசை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு றோபோவையும் மடித்தால் வேறொன்றாக மாறும். ஒன்று லொறியாகும், இன்னொன்று சிங்கமாகும். நான் கொடுத்த யோசனை கழுதை. என் தங்கச்சி டிலோஜினியின் புருஷன் நிறோஜன் கட்டாரிலிருந்து போன் எடுத்துச் சிரித்தான். ஊரெல்லாம் சிங்கம் புலி கேட்கும்போது மச்சான் கழுதை விற்கப் போகிறாராம். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொம்பனிக்காரருக்குப் படம் பிடித்திருந்தது.

மற்றப் பொம்மைகளை மடித்துப் பூட்டுவதற்குப் பிளாஸ்ரிக் கொளுக்கி வைப்பார்கள். பிள்ளைகள் நாலு நாளில் அதை உடைத்துவிடும். நான் கழுதையின் இரண்டு காதடியிலும் மிளகளவு காந்தம் வைத்தேன். றோபோவின் தோளில் இருக்கும் இரண்டு தகடுகளும் மடித்தவுடன் தாமாகவே தலையில் போய் ஒட்டிக் காதுகளாகிவிடும். அந்த நேரம் சின்னதாய் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக ஒரு வருசம் மினக்கெட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஆனால் இது உண்மையிலேயே வடிவான வேலை. நீங்கள் கையில் வைத்துப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

கொம்பனியின் பாதுகாப்புப் பிரிவு காந்தம் கூடாது என்றது. காரணத்தை மரியாதையாக விளங்கப்படுத்தியிருந்தார்கள். ஒரு காந்தத்தைப் பிள்ளை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே போய்விடுமாம். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்குமாம். நடுவில் அகப்பட்ட சதை செத்து ஓட்டையாகிவிடுமாம். படமும் போட்டிருந்தார்கள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை.

கழுதையை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு எப்படியோ கழுதையின் படம் இணையத்தில் வெளிவந்து, பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லாரும் அது எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். வரிசைக்குப் பொறுப்பானவர் எனக்கு எழுதினார். சாதாரணப் பிள்ளை ஒன்று நாளாந்தம் விளையாடியும் காது கழராமல் இருந்தால், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை கூட்டத்தில் மறுபடி பேசலாம், வீடியோ அனுப்புங்கள் என்றார். காந்தத்துக்கு மேலே புது உறை போட்டுவிட்டேன், இனிக் கழராது என்று பதில் எழுதினேன். வீட்டிலிருக்கும் முப்பரிமாணப் பிறின்ரரில் ஒரு கழுதையை அச்சடித்துச் சாம்பல் பெயின்ற் பூசினேன்.

தங்கச்சியின் ஒரே பிள்ளை நிருஷா. ஐந்து வயது. ஒரே வளவுக்குள்தான் இரண்டு வீடும். தவக்காலம் தொடங்க அவளிடம் கழுதையைக் கொடுத்தேன். இது யேசு ஏறிப்போன கழுதையோ என்று கேட்டாள், ஓம் என்றேன். அதன் பிறகு கையிலிருந்து இறக்கவேயில்லை. குருத்தோலை ஞாயிறன்று பவனியில் எல்லாரும் ஓலை பிடிக்க, இவள் கழுதையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவாமியாரே பார்த்துச் சிரித்தார். நான் எடுத்ததில் மிக நல்ல வீடியோ அதுதான். அன்றிரவே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்துகொண்டிருந்தபோது வந்தாள்.

"மாமா, காது ஒட்டுதில்லை."

வாங்கிப் பார்த்தேன். உறை பிளந்திருந்தது, இரண்டு காந்தத்தையும் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். பல்லால் இழுத்தாளாம். ஒன்றைக் கோயிலில் வைத்து விழுங்கினாளாம், மற்றதை இப்போது கொஞ்சம் முந்தி. அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, வாயைத் திறந்து காட்டினாள். நான் அடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, நீங்கள் யாரிடமும் கேட்கலாம்.

"அம்மாட்டச் சொல்லப்படாது. சொன்னா கழுதையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவினம்."

சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாள். நான் புதுக் காந்தம் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் எடுத்த வீடியோவிலும் காது ஒழுங்காக ஒட்டியது.

வியாழன் வயிற்றுக்குத்து என்றாள். டிலோஜினி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். கொண்டுபோனால் எக்ஸ்ரே எடுப்பார்கள், எடுத்தால் தெரிந்துவிடும். திங்களுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. காந்தங்கள் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியே போய்விடவும் இடமுண்டு. பவனியில் எல்லாருடைய கண்ணும் பிள்ளையில்தானே பட்டது, நாவூறாக இருக்கும் என்றேன். தங்கச்சி சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பவள். எங்கள் வீட்டில் மடு மாதா கோயில் மண் எப்போதும் இருக்கும். விசக்கடிக்கும் தீராத நோவுக்கும் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானே கரைத்து என் கையாலேயே பருக்கினேன். சுகம் வந்தால் ஆடித் திருவிழாவுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்த்தியும் வைத்தேன். அது விளையாட்டுக்கு வைத்த நேர்த்தியல்ல.

பெரிய வெள்ளியன்று குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். ஊரெல்லாம் வயிற்றோட்டம் திரிகிறது என்றேன். பாமசியில் பாணி மருந்து வாங்கிக் கொடுத்தேன். டிலோஜினி சிலுவைப்பாதைக்குப் போகவில்லை, நான் போனேன். சனிக்கிழமை காய்ச்சல் கூடி வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. அப்போது நான் தடுக்கவில்லை. ஓட்டோ பிடித்து வந்தவன் நான்தான், தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், பொம்பிளைப் பிள்ளை, கட்டிலில் குந்தி அன்பாகத்தான் கேட்டா.

"மகள், ஏதாவது சாமான் விழுங்கினீங்களோ?"

நிருஷா அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அந்த நோவுக்குள்ளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் நீங்கள் பிழையாக எடுப்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

டொக்டர் அதோடு விடவில்லை, எக்ஸ்ரே எடுத்தா. இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. இவை என்ன என்று டிலோஜினியிடம் கேட்க, அவள் என்னைப் பார்த்தாள். உன் ஹாண்ட்பாக்கின் காந்தப் பொத்தானாக இருக்கும் என்றேன். பிள்ளைக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனவன், அந்த பாக்கின் பொத்தானை வெட்டி எடுத்துக் கடலில் எறிந்தேன். கழுதையை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒப்பிறேசன் செய்தார்கள். ஆனால் நஞ்சு உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். திங்கள் விடியப் பிள்ளை போய்விட்டாள்.

நான் அழுதேன், ஐயா. நிறோஜன் வந்து இறங்கியதும் டிலோஜினியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் சாப்பிடுவதில்லை. வெட்டுப்பட்ட பாக்கை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். நான் பக்கத்தில் இருந்து, உன்னில் பிழையில்லை, எந்தத் தாய்க்கும் நடக்கக்கூடியது என்று தேற்றினேன். நேற்று அவள் இங்கே பொலிசுக்கு வந்து என் பிள்ளையை நானே கொன்றேன் என்று சொன்னாளாம். அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. பாக்கில் மிஞ்சிய ஓட்டையை அளந்து, அந்தப் பொத்தான் ஐந்து ரூபாய் நாணயக் குத்தியளவு, டொக்டர் எடுத்தது மிளகளவு என்று நீங்கள் கண்டுபிடித்ததும் நல்லதுதான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். செவ்வாயன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை இருந்திருப்பாள்.

மறைக்க வேறொன்றும் இல்லை. திங்கள் பின்னேரம் கொம்பனியின் மெயில் வந்தது. கூட்டத்தில் எல்லாருக்கும் கழுதை பிடித்துவிட்டதாம், அடுத்த வருசம் வெளியிடுவார்களாம். ஒரேயொரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார்கள். விளையாடிய பிள்ளைக்குப் பொம்மையால் ஏதாவது காயம் ஏற்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். செத்தவீட்டிலிருந்து எழும்பிப் போய் இல்லை என்று எழுதினேன். பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. பெட்டியில் வைக்கமுன் அவளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டவன் நான்தான், உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. வயிற்றில் இருந்த வெட்டு டொக்டர்மார் போட்டது.