யாரோ பிள்ளையின் அரங்கேற்றம்

காலி வீதியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் இருந்தார்கள். ஒருவர் சொன்னார்:

"நேற்று ஆரெண்டே தெரியாத பிள்ளையின்ர அரங்கேற்றத்தில இருந்து அழுதுபோட்டன்."

"உமக்கென்ன விசரே?"

"அக்காவின்ர மகளின்ர அரங்கேற்றத்துக்குத்தான் வெளிக்கிட்டனான். சாறிக்கு ஏற்ற பிளவுஸ் தேடிக் கடை கடையாத் திரிஞ்சதில நேரம் போயிட்டுது. அந்த அவசரத்தில பக்கத்து மண்டபத்துக்குள்ள ஓடிட்டன். அங்கயும் அரங்கேற்றம். அந்த மேக்கப்பில முகம் பிடிபடுமே? எங்கட பிள்ளை எவ்வளவு வடிவா ஆடுறாள் எண்டு அழுதுகொண்டே இருந்தனான்."

"பிறகு?"

"கடைசியில மைக்கில பேர் சொல்லேக்கதான் விளங்கினது. எங்கட மண்டபத்துக்கு ஓடிவந்தா, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு நிக்கினம்."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சிரியும், சிரியும். இரவு முழுக்க எனக்கு நித்திரையில்ல. காலமை அக்கா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டனான்."

"கோவிச்சவளே?"

"இல்ல, கட்டிப்பிடிச்சாள். 'நல்லகாலம் சின்னம்மா, தில்லானாவில மறந்துபோய் அப்பிடியே நிண்டுட்டன். அதைப் பார்க்காத ஆள் எங்கட வீட்டில நீங்கள் மட்டுந்தான்' எண்டாள்."