கழுவிப் போட்ட கோஸ்

நேற்றுக் காலை ஒன்பது பத்துக்கு எல்லாமே கெட ஆரம்பித்தது என்று, அல்சூர் மெட்ரோ படியருகே ஒரு பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தூறலுக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். என் பையில் மகளின் டிபன் பாக்ஸுக்காக வாங்கிய கோஸ் இருந்தது. அதை இன்னும் நறுக்கவில்லை.

"என் புழுவெல்லாம் கோஸ் தின்னே செத்துப்போச்சுடி."

"கோஸ் புழு கோஸ் தின்னா சாகுமா? என்ன கதை விடற!"

"பூச்சிமருந்தே படாம மூணு வருஷமா லேப்ல வளர்த்தது. நாங்களே மருந்தடிக்காம வளர்க்கற கடுகு இலை தீர்ந்துபோச்சுன்னு அட்டெண்டர் அண்ணா மார்க்கெட் கோஸைப் போட்டுட்டாரு."

"பக்கத்துக் கூண்டுல, மருந்தடிச்ச தோட்டத்துலேர்ந்து பிடிச்சுட்டு வந்த புழு?"

"அதுவும் அதே கோஸ்தான் தின்னுச்சு. கொழுகொழுன்னு இருக்கு. மருந்தை உடைக்கிற புரோட்டீன் அதுங்க உடம்புல ஜாஸ்தி. எவ்ளோ ஜாஸ்தின்னு ரெண்டையும் வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? நாலஞ்சு பிழைச்சிருந்தாக்கூட வேற லேப்ல வளர்த்துடுவேன். பிழைச்சதை எடுத்துட்டு வர அண்ணாகிட்ட சொல்லியிருக்கேன்."

மழை மெல்லிய திரைபோல இறங்கியது. பச்சைப் புழுக்கள் தூக்கத்திலேயே இலையைவிட்டு ஒவ்வொன்றாக நழுவுவதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நனைந்த சட்டையோடு ஒருவர் ஓடிவந்து டப்பாவைத் திறந்து காட்டினார்.

"ஆறு உசுரோட இருக்கு மேடம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் போகாமல் நின்றார்.

"நான் அப்படியே எடுத்துப் போடல மேடம். உப்புத் தண்ணில ஊறவெச்சு, மூணு தடவை கழுவித்தான் போட்டேன். வீட்டுல என் பொண்ணுக்கு எப்படிக் கழுவுவேனோ, அப்படியே."