உக்கார ஒரு தூசி

பனிமூட்டம் இயற்கைங்களா சார்? அப்பிடியா! ஆறாங்கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கறவ நான், எனக்கே இது தெரியாமப் போச்சு பாருங்க. நல்லவேளை, ஃபேக்டரி மேனேஜரே வீடு தேடி வந்து பாடம் நடத்தறீங்க. அட, உக்காருங்க சார். எங்க வீட்டுக்காரரப் போலீஸ் விசாரணைக்கு உங்க கார்லயே கூட்டிட்டுப் போறேன்னு வேற சொல்றீங்க. எவ்ளோ பெரிய மனசு!

அவர் அங்க என்ன சொல்லணும்? லாரி மோதினதுக்குப் பனிதான் காரணம், அவ்வளவுதானே? சொல்லிட்டாப் போச்சு. அதுக்கு முன்னாடி இந்த பாட்டிலப் பாருங்க. பிள்ளைங்களுக்குக் காட்டறதுதான். அடியில சுடுதண்ணி, வாயில ஐஸ்கட்டி. உள்ள ஏதாவது தெரியுதா? பெருசா ஒண்ணுமில்ல. இப்ப ஒரு தீக்குச்சியக் கொளுத்தி அணைச்சு, அந்தப் புகைய உள்ள விட்டு, திரும்ப ஐஸ வெக்கறேன். பாத்தீங்களா, எப்பிடி வெள்ளையா வருதுன்னு! காத்துல இருக்கற ஈரம் குளுந்தாலும், துளியாகணும்னா உக்கார ஒரு தூசி வேணும் சார். உக்காந்துட்டா, மேல மேல ஈரம் சேந்து துளி வளரும். தூசி கூடினா துளியும் கூடும். எதிர்ல வர்ற ஆளு தெரியமாட்டான்.

என்ன சார், வேர்க்குதா? ஃபேனப் போடறேன்.

உங்க மூளைய மெச்சணும். பகல்ல ரப்பர் கழிவ எரிச்சா புகை ஊருக்கே தெரிஞ்சிடும்னு, விடியறதுக்கு முன்னாடி, காத்து அசையாம ஈரமா நிக்கற நேரமாப் பாத்து எரிக்கச் சொன்னீங்க. நீங்க போன்ல சொல்ல, பாய்லர்ல நின்ன இவர் தீ மூட்டினார். இவர மாத்திவிட அடுத்த ஷிப்ட்டுக்கு வந்த மனுஷன், ஃபேக்டரி வாசல்லயே உங்க லாரியில அடிபட்டுச் செத்தார். ஓட்டினவருக்கு வாசல்ல எரிஞ்ச லைட்டே தெரியலையாம். அன்னிலேந்து இவருக்கு ஒரு வாய் எறங்கல சார். நீங்க என்னடான்னா, சட்டையக் கஞ்சி போட்டுத் தேச்சு மாட்டிட்டு வந்து இயற்கைங்கறீங்க.

நேரமாச்சா? கூப்பிடணுமா? யார சார்?

அவர் அப்பவே போயிட்டாரே. உங்க கார் தெருமுனையில திரும்பறப்பவே பின்வாசல் வழியாக் கெளம்பிட்டார். நீங்க வழியில போய் மறிச்சிடக் கூடாதேன்னு நான்தான் பேசிட்டிருந்தேன். வேலை போனாலும், ஜெயில்னாலும் பரவால்லன்னுதான் போயிருக்கார். தீ மூட்டினது நான்தான்னு ஆரம்பிச்சு, யாரு மூட்டச் சொன்னாங்கங்கற வரைக்கும் இந்நேரம் சொல்லி முடிச்சிருப்பார்.