ஒரு கட்டம் தள்ளி

என் மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால் போதும், எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் நீங்கள், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது மேடம். கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அடிபடுவதற்கு முன்னால் அவள் பேருந்து நிறுவனத்தில், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு போடுகிறவள். இருபத்திரண்டு வருடம். வீட்டிலும் அவள் ராஜ்யம்தான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவளாக என்னைக் கூப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறகு படிக்கட்டில் சறுக்கி விழுந்தாள். தலையில் அடி, தையல் போட்டார்கள். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. போனும் ரிமோட்டும் வாஷிங் மிஷினும் மட்டும் பிடிபடவில்லை. "ஏங்க, இதுல எதை அமுக்கணும்?" ஒரு நாளைக்கு முப்பது தடவை. நான் பறந்து போவேன். "என்னண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குறீங்க?" என்று கடையில் கிண்டல் செய்தார்கள். உண்மையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். போன் திரையில் பச்சைப் படம் பேசுவதற்கு, நீலப் படம் செய்தி அனுப்புவதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். நாலே வாரத்தில் முப்பது "ஏங்க" மூன்றாகக் குறைந்துவிட்டது. போனைத் தானே இயக்கிக் காட்டினால் அடுத்த மாதம் வேலைக்குப் போகலாம் என்றீர்கள். அவள் கைதட்டினாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. லென்ஸின் மையம் கொஞ்சம் தள்ளிப்போனால் போட்டவருக்குத் தலை சுற்றும். ஆனால் அவர் கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டார், "என் கண்ணு கெட்டுப்போச்சு" என்பார். அது ஞாபகம் வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போனபோது பச்சைப் படத்தை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். ஒரே ஒரு கட்டம். வந்து பழைய இடத்தையே அமுக்கினாள்.

"நேத்து இங்கதானே இருந்துச்சு?"

"இல்லம்மா, எப்பவும் அங்கதான் இருக்கு."

அதற்கடுத்த நாள் இன்னொரு கட்டம். வாஷிங் மிஷின் குமிழையும் விடவில்லை. ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கு இருக்குமே, அந்தக் குஷி எனக்கு. பத்தே நாளில் "ஏங்க" நாற்பதைத் தாண்டியது. ஒருநாள் தையல் போட்ட இடத்திலேயே படார் படாரென்று தன்னை அடித்துக்கொண்டாள். "இந்தத் தலை இனிமே எதுக்கும் உதவாதுங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்தது நான்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. மறுநாள் வேலையை விடுகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல, கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அவளுடைய தொழில் புத்தி போகுமா? எந்தப் படம் எங்கே இருந்தது என்று நேரம் போட்டு ஒரு நோட்டில் தினமும் குறித்திருக்கிறாள். தன் மூளை எவ்வளவு கெட்டுவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக அதை உங்களிடம் நீட்டியிருக்கிறாள். நீங்கள் போனை இரண்டு நாள் உங்கள் மேசையில் வைத்துப் பார்த்தீர்கள். ஒரு படமும் நகரவில்லை. கெட்டிக்காரர்தான் மேடம்.

ஆமாம், நகர்த்தியது நான்தான். நாற்பத்தொரு நாள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அக்கா வீட்டுக்குப் போன இந்த மூன்று வாரத்தில், புதுப் போனில் அவளே தினமும் பத்துப் பேரிடம் பேசுகிறாள் என்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்ப மாட்டேன். அவள் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளாகவே போடத் தெரிந்திருந்தால், முதல் போன் எனக்கல்லவா வந்திருக்கும்.