ரெண்டு மேக்கணக்கு

இல்ல சார், பைய காலுக்குக் கீழ வைங்க. அந்தப் பக்கம் தெற கிழிஞ்சிருக்கு, நனைஞ்சிரும். ஆ, இப்ப சரி. எங்கன்னு சொன்னீங்க? க்ளென்ஹார்டி அப்பர் டிவிஷன். எங்க வாயில அது மேக்கணக்கு. எந்த மேக்கணக்கு சார்? ரெண்டு இருக்குல்ல. இல்லியா? போன்ல ஒண்ணு தான் காட்டுதா? சரி, அப்ப ஒண்ணு தான். நீங்க போன பாத்து வழி சொல்லுங்க, நான் ஓட்டுறேன். ராகலை ஸ்டாண்டுல நான் ஒருத்தி தான் பொம்பள டிரைவரு. சொல்ற வழியில போவேன், எதுத்துப் பேச மாட்டேன்.

யாரு, மூக்கனா? தெரியும் சார். ரொம்ப நல்லா தெரியும். மெயில் போட்டா பதில் இல்லியாக்கும். எத்தன போட்டீங்க? பதினாலா! அடேயப்பா. அவரு எழுதினப்ப ஒரு பதிலுக்கு எத்தன நாளு காத்துக் கெடந்தாருன்னு உங்களுக்குத் தெரியாது. சரி விடுங்க. ஒரு கையெழுத்துக்காகவா கொழும்புல இருந்து இவ்வளவு தூரம்?

ஓ, உங்க மேப் ஆப்போட லைசென்ஸ் மாத்தப் போறீங்க. கோட் எழுதின ஆளுங்க எல்லாரும் சம்மதம் குடுக்கணும், மத்தவங்க எல்லாம் குடுத்தாச்சு, மூக்கன் ஒருத்தரு தான் பாக்கி. புரியுது. என்னா சார் அப்பிடிப் பாக்குறீங்க? ஆட்டோ ஓட்டுறவ கம்ப்யூட்டர் படிச்சிருக்கக் கூடாதா? அட்டன்ல ரெண்டு வருசம் படிச்சேன். வேலை கெடைக்கல, வண்டி கெடைச்சிச்சு.

உங்க பாதை ஆப்பு எனக்குத் தெரியும் சார். ஸ்டாண்டுல எல்லாரும் அது தான் வச்சிருக்காங்க. காசில்லாத மேப்பு, யாரு வேணும்னாலும் உள்ள பாக்கலாம், திருத்தலாம்னு போட்டிருக்கீங்க. நல்ல விசயம். ஆனா தேயிலத் தோட்டத்துக்குள்ள வந்தா அதுக்கு கண்ணு தெரியல. நாங்க வரிசையா குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு ஏது சார் அட்ரஸ்? கடுதாசி கூட ஆபீசுக்குத் தான வருது. அதோட, ஆபீசுல ஒரு பேரு, சனங்க வாயில ஒரு பேரு. அதுக்காகத் தான் மூக்கன் அந்த பிளகின எழுதினாரு. உங்க ஆப்புக்கு மேல வெளியில இருந்து ஒட்டிக்கிற சின்ன சாமான். ஒவ்வொரு லயமும், ஒவ்வொரு கணக்கும், சனங்க சொல்ற பேரோட. நடந்து நடந்து சேத்தது சார். கந்தப்பளையில இருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒண்ணரை வருசம். அட்டை கடிக்காத கால் இல்ல.

என்னா சொல்லுது போன்? இடது பக்கமா? நான்னா சோத்துக்கை பக்கம் திருப்புவேன். இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க. இடதுன்னா இடது. இனி கல்லு ரோட்டு, கம்பிய புடிச்சுக்கங்க.

அந்த பிளகின உங்க ஆப்புக்குள்ளயே சேத்துக்கிட்டது நல்லது தானேங்கிறீங்களா? ஆமா சார், நான் இல்லேன்னு சொல்லல. வெளிய கெடந்தா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒடையும். தேடி எடுத்து மாட்டத் தெரிஞ்சவனுக்கு மட்டும் தான் கெடைக்கும். எழுதினவன் நாளைக்கு சலிச்சுப் போயி விட்டுட்டுப் போயிட்டா, கேக்க நாதி இல்ல. கோருக்குள்ள, ஆப்போட மூலத்துக்குள்ளயே வந்துட்டா எல்லார் போன்லயும் தானா இருக்கும். நீங்க சொல்ற அத்தனையும் ஞாயம். உங்க ஆளுங்க அத எடுத்து உள்ள சேத்துக்கிறோம்னு சொன்ன அன்னிக்கு மூக்கன் வீட்டுல பாயாசம் காய்ச்சினாங்க, தெரியுமா? லயத்துல பத்து காம்பரா வீட்டுக்கும் குடுத்தாங்க. என்னா விசேசம்னு கேட்டவங்களுக்கு வெளக்கத் தெரியாம, பாஸ் பண்ணியாச்சு, பாஸ் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க.

இந்தா, இந்தத் தெறய பாருங்க. நானே தச்சு மாட்டினது. வண்டி செய்யிற கம்பெனிக்காரன் இத பாத்துட்டு, நல்லாருக்கே, இனி எல்லா வண்டிக்கும் நாங்களே போட்டுர்றோம்னா எனக்கு சந்தோசம் தான். ஆனா போட்டுட்டு, இனி நீ ஊசிய தொடக்கூடாது, கிழிஞ்சா எங்களுக்கு எழுதிப் போடு, நாங்க யோசிக்கிறோம்னா? இந்த ரோட்டுல மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னு அவனுக்குத் தெரியுமா சார்? அதத் தான் செஞ்சீங்க. சாமான எடுத்துக்கிட்டீங்க, செஞ்ச ஆள வாசல்ல நிக்க வச்சீங்க. உள்ளுக்கு வந்துட்டதால பழைய பிளகின் இனி ஓடாதுன்னு அதையும் பூட்டிப் போட்டீங்க. அப்புறம் மூக்கனுக்கு ஒரு எழுத்து மாத்த ஏலாது.

கோவமா? இல்ல சார், ரோட்டு மோசம், சத்தமா பேசினா தான் கேக்கும்.

ரெண்டு மேக்கணக்குன்னு சொன்னேன்ல. அந்தக் கதைய கேளுங்க. க்ளென்ஹார்டி ஒரே தோட்டமா இருந்திச்சு. ரெண்டு கம்பெனிக்குப் பிரிச்சாங்க. ஆளுக்கொரு அப்பர் டிவிஷன் வச்சுக்கிட்டாங்க. ஆபீசு காயிதத்துல ரெண்டுக்கும் அச்சு அசலா ஒரே பேரு. எங்களுக்கு அதுல ஒரு கொழப்பமும் இல்ல. இது கொரங்குமலை மேக்கணக்கு, அது சின்னாத்து மேக்கணக்கு. பச்சப் புள்ள கூட சொல்லும். மூக்கன் பிளகின்ல அப்பிடித் தான் ரெண்டு புள்ளியா இருந்திச்சு. உள்ள எடுத்த ஒடனே உங்க ஆளுங்க என்னா செஞ்சாங்க? சனங்க பேரெல்லாம் ஒழுங்கில்லேன்னு தூக்கிட்டு ஆபீசு பேர மட்டும் வச்சாங்க. அப்ப பாத்தா ஒரே பேரு ரெண்டு எடத்துல. தெரியாத்தனமா ரெண்டு தடவ போட்டிருக்கான்னு நெனச்சு ஒண்ண அழிச்சிட்டாங்க. அழிச்சது சின்னாத்து.

மூக்கன் எழுதினாரு சார். படம் போட்டு எழுதினாரு. இங்க எழுபது குடும்பம் இருக்கு, இத அழிச்சா இங்க வர்றவன் தப்பான மலைக்குப் போவான்னு எழுதினாரு. மூணு வாட்டி. மூணாவது வாட்டி பதில் வந்திச்சு. ஒரே ஒரு வரி. இரட்டிப்புப் பதிவு, நீக்கப்பட்டது, விவாதம் மூடப்பட்டது. கீழ பேரு போட்டிருந்திச்சு. தனுஷன்னு.

அது நீங்க தான சார்? ஸ்டாண்டுல பேரு சொல்லித் தான வண்டி கேட்டீங்க. அந்த நிமிசமே தெரியும் எனக்கு. அதனால தான வரிசையில முன்னுக்கு நின்ன மூணு வண்டிய விட்டுட்டு நான் வந்து உங்க பைய தூக்கினேன்.

இன்னும் எவ்வளவு தூரம் காட்டுது? முன்னூறு மீட்டரா. சரி.

மூக்கன் எங்க அப்பா சார். அவருக்கு கம்ப்யூட்டர தொட்டுக் கூட பழக்கம் இல்ல. ஸ்டோர் லொறிக்கு கொழுந்து சாக்கு ஏத்துற ஆளு. பேரு மட்டும் தான் அவரோடது. நிஷாந்தின்னு போட்டு மொதல்ல எழுதினேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அப்பா பேர போட்டு எழுதினேன், பதில் வந்திச்சு. இவ்வளவு நேரம் அவரு எழுதினாரு, எழுதினாருன்னு சொன்னதெல்லாம் நான் தான். அட்டை கடிச்சது என் காலு.

போன வருசம் ஆடி மாசம். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம். சாக்கு தூக்கிக்கிட்டு இருந்தவரு நெஞ்ச புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாரு. வண்டி அன்னைக்குன்னு பாத்து கராஜுல. அம்புலன்சுக்கு அடிச்சோம், ஒடனே கெளம்பிட்டாங்க. டிரைவரு வெளியூரு பையன், அவன் மேல குத்தம் இல்ல. தோட்டத்துப் பேர போட்டான், ஒரே ஒரு மேக்கணக்கு காட்டிச்சு, வந்தான். சைரன் சத்தம் எங்களுக்கு நல்லா கேட்டிச்சு. அப்பாவுக்கும் கேட்டிச்சு. வந்துட்டாங்கம்மான்னு என் கைய புடிச்சுக்கிட்டு சொன்னாரு. நான் நிமிந்து பாத்தேன். அம்புலன்சு எதிர் மலையில நிக்கிது. சேலைய கழட்டி ஆட்டுறாங்க எங்க பொம்பளைங்க, கத்துறாங்க. நடுவுல பள்ளம், ஆறு. சுத்தி வர பதினோரு கிலோமீட்டர். அவன் சுத்தி வந்து சேந்தப்ப நான் அப்பாவோட வாய கட்டி முடிச்சிருந்தேன்.

அந்தா, பனி வெலகுது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீலத் தகரம் தெரியுதா? அது தான் எங்க லயம், சின்னாத்து மேக்கணக்கு. அதுக்குப் பின்னால சவுக்கு மரம். மூக்கன பாக்கணும்னீங்கல்ல, மரத்துக்குக் கீழ தான் இருக்காரு. கையெழுத்துப் போட வேண்டியவ நான். போட மாட்டேன். நீங்க எங்க அப்பாவ அழிச்ச ஒரு வரி மாதிரி எங்கிட்டயும் ஒரு வரி தான் சார் இருக்கு. விவாதம் மூடியாச்சு.

இல்ல சார், திருப்பிக் கொண்டு போயி விட மாட்டேன். நான் வேற வழியா போறேன். இங்க போன் பேச சிக்னல் எடுக்காது, வேற வண்டியும் வராது. மழைக்கு முன்ன நடக்க ஆரம்பிச்சிருங்க. பைய எடுத்துக்கங்க. அம்புலன்சு அன்னைக்கு நின்னது சரியா இந்த எடத்துல தான். பாருங்க, உங்க போனும் சொல்லிருச்சு, வந்து சேந்துட்டோம்னு. எறங்குங்க.