தள்ளிக்கொண்டு போன பைக்

பிள்ளைகளே, நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் கேட்ட பேச்சு இது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மா, மடியில் ஓர் அட்டை முட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் ஊர் இளைஞன்.

“உன்னைய எங்க கோழிக கும்புடோணும் சாமி” என்றார் அந்த அம்மா.

“ஏனுங்க அக்கா?”

“பைக் சைலன்சருக்குள்ள இருந்ததை எடுத்துட்டு, திமுதிமுன்னு சத்தம் வர்ற மாதிரி பண்ணுனயல்ல? கோழியெல்லாம் மெரண்டு ஓடே இல்லாம தோல்முட்டையாப் போட்டுதுக. பொழப்பே போச்சுன்னு நெனச்சேன்.”

“நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு நெனச்சனுங்க.”

“ஒருக்காத்தான் சொன்னேன். மறுநாள்ல இருந்து எங்க பண்ணை வந்தா வண்டிய நிறுத்தி, ஷெட்டு தாண்டுற வரைக்கும் தள்ளிட்டே போறயே, அந்த மேட்டுல!”

“மாத்துனது நானு, கோழி என்னங்க பண்ணும்? ஆனா தள்ளித் தள்ளி காலு ஓஞ்சு போச்சுங்க. பட்டறையில பழைய சைலன்சரையே மாட்டச் சொல்லிட்டேன். வண்டி எடுக்கத்தான் போறேன்.”

“அந்தச் சத்தம்னா உனக்கு உசுராச்சே சாமி.”

“உசுருதானுங்க. தள்ளும்போது அது கேக்கவே இல்லீங்களே!”

இருவரும் சிரித்தார்கள். ராசிபுரம் வந்ததும் அந்த அம்மா முட்டை அட்டையை அவன் கையில் வைத்தார்.

“வேண்டாங்கக்கா, வண்டில கொண்டு போனா உடைஞ்சு போயிருங்க.”

“எங்க கோழிக்காக மெதுவாப் போனயல்ல, அதே மாதிரி முட்டைக்காகவும் போ. ஒண்ணும் உடையாது.”